குழுச் சிகிச்சை எல்லோருக்கும் மருந்தாகுமா?

(பிளேஸ்டோவில் நடைபெற்ற பெற்றோர் – இளையோர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சிறுபராயத்தில் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாகி, இன்று வயது வந்தோராக வாழும் நம்மவருக்கென இம்மண்டபத்தில் ஞாயிறுதோறும் ஒரு குழுவை நடத்தலாம் என்ற முன்மொழிவு நம் அமைப்பின் முன் உள்ளது. அதனை வழிமொழிந்தவன் நானே. இன்று அதனை ஒத்திவைக்குமாறு கேட்கவே வந்திருக்கின்றேன். நான் மருத்துவன் அல்லன். கணினித் துறையில் பணிபுரியும் பொறியியலாளன். ஆயினும், சோதித்துப் பாராத ஒன்றை மக்கள் கையில் கொடுக்கலாகாது என்பது எங்கள் தொழிலின் பாலபாடம்.

குழுவின் நன்மையை நான் மறுக்கவில்லை. தனக்கு மட்டுமே இது நேர்ந்தது என்ற வெட்கம், பிறரைக் கண்டதும் குறைகின்றது. ஆனால், ஒருவர் தமக்கு நேர்ந்ததைச் சொல்லும்போது, அருகில் இருந்து கேட்பவரும் அதே காயத்தைச் சுமப்பவர். அன்றிரவு அவருக்கு உறக்கம் வராது போகலாம். பழைய காட்சிகள் திரும்பலாம். தற்கொலை எண்ணமும் தலைதூக்கலாம். அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹேர்மன், 1992 இல் வெளியிட்ட நூலில் மீட்சியை மூன்று கட்டங்களாகப் பிரித்தார். பாதுகாப்பே முதற்கட்டம், நடந்ததை நினைவுகூர்ந்து துக்கிப்பது அதன் பின்னரே. கட்டத்துக்குக் கட்டம் குழுவின் வகையும் மாறவேண்டும் என்றார் அவர். நாமோ எல்லோரையும் ஒரே வட்டத்தில் அமர்த்த எண்ணினோம்.

என்னை அதிகம் அச்சுறுத்துவது வேறொன்று. நாம் சிறிய சமூகம். குழுவில் பக்கத்து நாற்காலியில் இருந்தவர், ஈஸ்ட் ஹாம் கடைத்தெருவிலும் கோயில் திருவிழாவிலும் பிள்ளைகளின் தமிழ்ப் பள்ளியிலும் எதிர்ப்படுவார். கொடுமை செய்த அந்த 'மாமா'வுக்கே அவர் உறவினராகவும் இருக்கக்கூடும். உளவளத்துணையாளரைத் தொழில்நெறி கட்டுகின்றது; உறுப்பினரைக் கட்டுவது அவர் தந்த வாக்கு மட்டுமே. பாலியல் குற்றத்துக்கு உள்ளானவரின் பெயரைப் பத்திரிகைகள் வெளியிடுவதை, 1992 ஆம் ஆண்டுச் சட்டம் அவருடைய வாழ்நாள் முழுதும் தடுக்கின்றது. தேநீரோடு காதுக்குக் காது செல்லும் பேச்சை அது தடுக்காது. இங்கிலாந்து, வேல்ஸ் நாடுகளுக்கான சிறுவர் பாலியல் வன்கொடுமை விசாரணை ஆணையம், 2021 வரை 'ட்ரூத் புரொஜெக்ட்' என்ற பெயரில் 6,000 பேருக்கு மேற்பட்டோரின் அனுபவங்களைப் பெற்றது. அவற்றைத் தனித்தனியாகவே கேட்டது, எழுத்திலும் ஏற்றது.

நடத்துபவர் யார் என்பதும் கேள்வியே. இந்நாட்டில் 'கவுன்சிலர்' என்ற பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை. நாளைக்கே நானும் பெயர்ப்பலகை மாட்டலாம்!

அதுவரை செய்யக்கூடியது உண்டு. குடும்ப வைத்தியர் வழியாகவோ நேரடியாகவோ தேசிய சுகாதார சேவையின் பேச்சுச் சிகிச்சைக்கு விண்ணப்பிக்கலாம். மொழிபெயர்ப்பாளரையும் கேட்கலாம், அறிமுகமற்றவராக இருக்கவேண்டும் என்று சொல்லத் தயங்காதீர்கள். உறவினரை மட்டும் அப்பணிக்கு அழைத்துச் செல்லாதீர்கள். பெற்றோர்களே, வளர்ந்த பிள்ளை ஒருநாள் வந்து சொன்னால், யார், எப்போது என்று துருவாமல் முதலில் நம்புங்கள்.

தகுதி பெற்ற இருவர் கிடைத்து, சேர விரும்பும் ஒவ்வொருவரையும் அவர்கள் முன்கூட்டியே தனியே சந்தித்துப் பேசிய பின்னர், இம்முன்மொழிவை மீண்டும் எடுப்போம்.