பேசலாம், எதைக் கொடுப்பது?

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'பயங்கரவாதிகளோடு அரசாங்கம் பேச்சுவார்த்தை நடத்தலாமா?' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். கம்பி, கான்கிரீட் என்று காலம் தள்ளுகிற எஞ்சினியரிடம் இதைக் கொடுத்தது நம் செயலாளரின் துணிச்சல். நான் காஷ்மீர், பாலஸ்தீனம் என்று தொடங்காமல், சத்தியமங்கலம் காட்டிலிருந்து தொடங்குகிறேன்.

2000 ஜூலை 30 இரவு, தாளவாடி பக்கம் தொட்டகாஜனூரில் கன்னட நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் கடத்திக்கொண்டு போனான். மறுநாள் பெங்களூரு ஸ்தம்பித்துப் போனது. அங்கே பிழைக்கப் போயிருந்த தமிழ்க் குடும்பங்களுக்கு 1991 காவிரிக் கலவரம் மறந்திருக்குமா? கடத்தப்பட்டவர் மட்டும் பணயம் இல்லை, ஒரு நகரமே பணயம் என்கிற நிலைமை.

வீரப்பன் சந்தனக் கடத்தல்காரன்தானே, பயங்கரவாதியா என்று கேட்பீங்க. அவன் அனுப்பிய கோரிக்கைகளைப் பாருங்கள்: காவிரித் தண்ணீர், பெங்களூரில் திருவள்ளுவர் சிலை திறப்பு, மாஞ்சோலைத் தொழிலாளர் கூலி, நீலகிரித் தேயிலை விலை, அதிரடிப்படையால் பாதிக்கப்பட்டவர்களுக்கு நிவாரணம். கூடவே, மைசூர்ச் சிறையில் தடா சட்டத்தில் இருந்த 51 பேரையும், தமிழ்நாட்டுச் சிறையில் இருந்த 5 பேரையும் விட வேண்டும். ஆளைப் பிடித்து வைத்துக்கொண்டு அரசியல் கோரிக்கை வைத்தால் வேற என்ன பேர் சொல்வது?

முதலமைச்சர்கள் கருணாநிதியும் எஸ்.எம். கிருஷ்ணாவும் பேசுவது என்று முடிவெடுத்தார்கள். நக்கீரன் கோபால் தூதராகக் காட்டுக்குள் போனார். பின்னால் பழ. நெடுமாறனும் போனார். (இதே கோபாலைத்தான் 2003-இல் பொடாவில் பிடித்துப் போட்டார்கள். தூது போகிறவன் கதி நம் நாட்டில் அப்படி!) பேசியது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். பேசாமல் காட்டுக்குள் படையை அனுப்பி, அந்தப் பெரியவர் செத்திருந்தால் பெங்களூரு என்ன ஆகியிருக்கும்?

ஆனால் இரண்டு அரசுகளும் கைதிகளை விடவும் சம்மதித்தன. அப்போதுதான் அப்துல் கரீம் என்ற ஒரு தகப்பன் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அவர் மகன் ஷகீல் அகமது கர்நாடக போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர், 1992-இல் வீரப்பன் கும்பலால் கொல்லப்பட்டவர். வழக்கை வாபஸ் வாங்க முடியாது என்று 2000 நவம்பர் 7-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. தமிழ்நாட்டுக் கைதிகளை விடவும் கோர்ட் ஒத்துக்கொள்ளவில்லை. சரியாக எட்டு நாள் கழித்து, நவம்பர் 15, ராஜ்குமார் உயிரோடு திரும்பி வந்தார். மொத்தம் 108 நாள். பணம் கைமாறியது என்று அன்றைக்கே பேச்சு உண்டு, அரசுகள் மறுத்தன. அதற்குள் நான் போகவில்லை. செத்துப்போனவனின் வழக்கு அரசாங்கத்தின் சொந்தச் சொத்து இல்லை, எடுத்துக் கொடுக்க. அந்தத் தகப்பன் கோர்ட்டில் சொன்னதாக நான் எடுத்துக்கொள்வது இதைத்தான்.

இப்படிக் கொடுத்தால் விலை யார் தலையில் விழும் என்பதற்கு காந்தஹார் இருக்கிறது. 1999 டிசம்பர் 31-இல் விமானப் பயணிகளை மீட்க மூன்று பேரை விட்டோம். அதில் ஒருவன் மசூத் அசார். அவன் தொடங்கிய ஜெய்ஷ்-இ-முகமதுதான் 2019 பிப்ரவரியில் புல்வாமா தாக்குதலுக்குப் பொறுப்பேற்றது. செத்த 40 சி.ஆர்.பி.எஃப். வீரர்களில் இருவர் தமிழர்கள், ஒருவர் அரியலூர் மாவட்டத்துக்காரர். அந்த விமானத்தில் என் பெற்றோர் இருந்திருந்தால் நானும் டில்லியில் அமைச்சர் வீட்டு வாசலில் நின்று 'விட்டுடுங்க சார்' என்றுதான் கத்தியிருப்பேன். அதனால்தான் அந்த முடிவை குடும்பத்தார் கையில் விட முடியாது.

இன்னொரு பக்கமும் இருக்கு. மைசூர்ச் சிறையில் இருந்தவர்களில் பலர் 1993 வாக்கில் பிடிக்கப்பட்ட கிராமத்து ஜனங்கள். தடா வழக்கில் சிறப்பு நீதிமன்றம் 2001-இல் தீர்ப்புச் சொன்னபோது பெரும்பாலோர் குற்றவாளி இல்லை என்று வெளியே வந்தார்கள். சரியான காலத்தில் விசாரித்திருந்தால் வீரப்பன் கையில் அந்தக் கோரிக்கையே இருந்திருக்காது. அதிரடிப்படை மீதான புகார்களை விசாரிக்க மனித உரிமை ஆணையம் 1999-இலேயே நீதிபதி சதாசிவா குழுவை அமைத்தது. 89 பேருக்கு நிவாரணம் வந்தது 2007-இல். அதற்குள் வீரப்பனே செத்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது.

2012-இல் சத்தீஸ்கரில் சுக்மா கலெக்டராக இருந்த நம் தமிழ்நாட்டு அலெக்ஸ் பால் மேனனை மாவோயிஸ்டுகள் கடத்தினார்கள். அவருடைய இரண்டு மெய்க்காவலர்களைச் சுட்டுக் கொன்றார்கள். பேச்சுவார்த்தையில் அரசு ஒப்புக்கொண்டது என்ன தெரியுமா? விசாரணைக் கைதிகளின் வழக்குகளைப் பரிசீலிக்க ஒரு கமிட்டி! நியாயமான வேலைதான். ஆனால் அதைச் செய்ய ஒரு கலெக்டரைக் கடத்த வேண்டியிருந்தது என்றால், மனு எழுதிக் காத்திருக்கிறவன் என்ன நினைப்பான்? மனுவைவிடத் துப்பாக்கி சீக்கிரம் போய்ச் சேருகிறது என்றுதானே?

இங்கிருந்து மேற்கே பார்த்தால் கல்வராயன் மலை. அங்கே யாரும் துப்பாக்கி தூக்கவில்லை, ரோடு கேட்டார்கள், ஆஸ்பத்திரி கேட்டார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயத்துக்கு அறுபதுக்கு மேற்பட்டவர்கள் பலியான பிறகுதான், அந்த மலை மக்களின் நிலைமையை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்காக எடுத்தது. நம் மாணவர்களில் மலையிலிருந்து இறங்கி வந்து படிப்பவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறீர்கள். உங்கள் ஊர் மனுக்கள் எந்த ஆபீசில், எத்தனை வருஷமாகக் கிடக்கிறது என்பது என்னைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். சாப்பாட்டு வேளையில் அதைப் பற்றிப் பேசுவோம். எனக்குத் தெரிந்த நெடுஞ்சாலைத் துறை நண்பர் ஒருவரும் வந்திருக்கிறார், அவரையும் விட வேண்டாம்.