கிடாவின் சம்மதம்



மதுரைப் பக்கம், சிவகங்கைப் பக்கம் அய்யனார் கோயில்களைப் பார்த்திருப்பீர்கள். ஊர் எல்லையில் மண் குதிரைகள் நிற்கும். அய்யனார் சைவச் சாமி. அவருக்குப் பொங்கல் வைப்பார்கள், தேங்காய் உடைப்பார்கள். பக்கத்திலேயே கருப்பசாமி இருப்பார். அவருக்குக் கிடா வெட்டுவார்கள். வெட்டும்போது பல ஊர்களில் அய்யனார் முன்னால் திரை போட்டுவிடுவார்கள். இரத்தம் அவர் கண்ணில் படக்கூடாதாம். ஒரே கோயில், ஒரே ஊர் மக்கள்தான்!

வெட்டும் முன் இன்னொன்றும் நடக்கும். கிடாவுக்கு மாலை போட்டு, தலையில் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். கிடா உடம்பை உதற வேண்டும். உதறினால்தான் சாமி ஏற்றுக்கொண்டார் என்று பொருள். உதறாவிட்டால்? காத்திருப்பார்கள். மறுபடி தெளிப்பார்கள். 'என்ன குற்றம் செய்தோம், சாமி?' என்று கும்பிடுவார்கள். ஈரம் பட்டால் ஆடு உதறத்தான் செய்யும். அது ஆடு வளர்ப்பவர்களுக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும், கேட்காமல் வெட்ட மனம் வரவில்லை. ஓர் உயிரை எடுப்பது சின்னக் காரியம் அல்ல.

வேள்வியிலும் இந்தத் தயக்கம் உண்டு. 1975-இல் கேரளத்தில் பாஞ்ஞாள் என்ற ஊரில் நம்பூதிரிகள் பெரிய வேள்வி செய்தார்கள். பழைய முறைப்படி அதற்கு ஆடு பலியிட வேண்டும். எதிர்ப்பு வந்தது. ஆட்டுக்குப் பதிலாக அரிசி மாவு அடையை வாழையிலையில் மடித்து வைத்தார்கள். வேள்வி நின்றுவிடவில்லை. ஆயுத பூசையன்று பூசணிக்காயில் குங்குமம் தடவி உடைக்கிறோமே, அதுவும் இப்படித்தான்.

தமிழ்நாட்டில் 1950-இலேயே கோயில்களில் உயிர்ப்பலியைத் தடுக்கும் சட்டம் வந்தது. அரை நூற்றாண்டு அதைப் பெரும்பாலோர் கண்டுகொள்ளவில்லை. 2003 ஆகஸ்டில் அதைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்த அரசு உத்தரவிட்டது. நேர்த்திக்கடன் வைத்திருந்தவர்கள் தவித்தார்கள். 'கறிக்கடையில் வெட்டலாம், சாமி முன்னால் வெட்டக்கூடாதா?' என்று கேட்டார்கள். ஏழை எளியவர்களின் கும்பிடு மட்டும்தான் குற்றமா என்றும் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். 2004 பிப்ரவரியில் அந்தச் சட்டமே நீக்கப்பட்டது.

ஆனால் வள்ளுவரிடம் அந்தக் கேள்வி செல்லாது. கொல்லாமைக்குப் பத்துக் குறள், புலால் மறுத்தலுக்குப் பத்துக் குறள் எழுதியவர் அவர். வேள்வியையும் அவர் விடவில்லை, கறி விற்பவரையும் விடவில்லை, வாங்கித் தின்பவரையும் விடவில்லை.

இன்று ஊருக்கு ஊர் வழக்கம் வேறாக இருக்கிறது. பொங்கலோடு நிறுத்திக்கொண்ட குடும்பங்கள் உண்டு. ஆட்டை வெட்டாமல் கோயிலுக்கே நேர்ந்து விடுபவர்களும் உண்டு. கிடா வெட்டும் ஊர்களில், தண்ணீர் தெளித்துவிட்டு, அது உதறும் வரை காத்திருக்கிறார்கள்.