பெட்டியை மாற்றும் முன் பேட்டரியைப் பாருங்க

(கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில், குழுக் கடனில் சுமை வண்டி வாங்கி ஓட்டிவரும் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

மேடை ஏறிப் பேசி எனக்குப் பழக்கமில்லை. வண்டி ரிப்பேர் கதையை எல்லாருக்கும் சொல்லணும்னு தலைவி அக்கா சொன்னதால வந்திருக்கேன். நம்ம கூட்டமைப்புல இப்ப வண்டிக் கடன் எடுத்தவங்க கூடிட்டாங்க. எனக்கு நடந்தது உங்களுக்கும் நடக்கலாம்.

எங்க குழு வண்டி பி.எஸ்.6 வண்டி. ராத்திரி 2 மணிக்கு ஊர்ல முருங்கை, கத்தரி ஏத்தி, விடியறதுக்குள்ள ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போய்ச் சேரணும். போன ஆவணி மாசம் ஒருநாள் போற வழியில ஹார்ன் தானா அடிச்சுது. வைப்பர் மழையில்லாம ஆடுது. இண்டிகேட்டர் போட்டா டாஷ்போர்டு விளக்கு மங்குது. கதவு லாக் டக்கு டக்குனு தானாவே விழுது. கூட வந்த அக்கா, "ஏண்டி, வண்டிக்குக் காத்து கருப்பு பட்டிருச்சா?"ன்னு கேட்டுச்சு. எனக்குச் சிரிப்பு வரல. மாசம் 9,400 ரூபாய் தவணை கட்டுற வண்டி அது.

காலையில ஒரு பட்டறையில விட்டேன். பானெட்டைக் கூடத் திறக்காம, "பாடி கண்ட்ரோல் மாட்யூல் போயிருச்சும்மா, மாத்த 26,500 ஆகும்"னு சொல்லிட்டாங்க.

அது என்னன்னு முதல்ல சொல்லிடறேன். பழைய வண்டியில ஸ்விட்சைத் தட்டினா கரண்டு நேரா விளக்குக்குப் போகும். இப்ப வர்ற பல வண்டிகள்ல அப்படியில்லை. நாம ஸ்விட்சைத் தட்டினா, டாஷ்போர்டுக்கு அடியில இருக்கிற ஒரு பெட்டிக்குத் தகவல்தான் போகுது. அந்தப் பெட்டிதான் விளக்கு, ஹார்ன், வைப்பர், இண்டிகேட்டர், கதவு லாக் எல்லாத்தையும் இயக்குது. சில வண்டிகள்ல சாவியை அடையாளம் பார்க்கிறதும் அதுதான். குழுவுல யாருக்குக் கடன் வேணும்னாலும் பிரதிநிதி வழியா வங்கிக்குப் போறோம் இல்லையா, அந்த மாதிரி. இதைத்தான் பட்டறையில பி.சி.எம்.னு சுருக்கிச் சொல்றாங்க.

அதனால எல்லாம் ஒண்ணா கோளாறு பண்ணினா பெட்டி மேலதான் சந்தேகம் வரும். ஆனா பெட்டிக்கே சரியான கரண்டு போகலைன்னாலும் இதே கூத்துதான் நடக்கும். இது எனக்கு அப்பத் தெரியாது.

அன்னிக்கு சாயங்காலம் குழுவைக் கூட்டினோம். 26,500 கொடுக்கிறதா வேண்டாமான்னு ஒரே வாக்குவாதம். எங்க ஊக்குநர் அக்கா ஒரே கேள்விதான் கேட்டாங்க: "என்ன சோதிச்சுப் பார்த்து அப்படிச் சொன்னாங்க?" என்கிட்ட பதில் இல்லை. மறுநாள் வேற ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணன்கிட்ட போனோம்.

அவர் மீட்டரைத்தான் முதல்ல எடுத்தாரு. ராத்திரி முழுக்க நின்ன வண்டியில நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டணும். 12-க்குக் கீழே போச்சுன்னா சார்ஜ் இறங்கிப் போச்சுன்னு அர்த்தம். எங்களுது 11.8. இஞ்சின் ஓடும்போது பொதுவா 13.5 முதல் 14.5 வரைக்கும் காட்டணும். அது சரியா இருந்துச்சு. அடுத்து எர்த் பார்த்தாரு. ஹெட்லைட்டைப் போடச் சொல்லிட்டு, மீட்டரோட ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ்லயும், இன்னொரு முனையை பாடி இரும்புலயும் வச்சாரு. அங்க கிட்டத்தட்ட பூஜ்யம்தான் வரணும், 0.2-க்கு மேல போனா எர்த் சரியில்லைன்னாரு. எங்களுக்கு 1 வோல்ட்டையும் தாண்டிக் காட்டுச்சு. பேட்டரியிலிருந்து பாடிக்கு வர்ற கேபிளோட போல்ட்டு முழுக்கத் துரு! கழட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, இறுக்கிக் கட்டினாரு. பேட்டரியை சார்ஜ் போட்டாரு. 450 ரூபாய். ஹார்னும் அடங்குச்சு, வைப்பரும் அடங்குச்சு.

அன்னிக்கு அவர் இன்னொண்ணும் கண்டுபிடிச்சாரு. முந்தின வருஷம் ஆயுத பூஜைக்கு எங்க பையன் முன்னாடி சீரியல் விளக்கு கட்டி, ஹெட்லைட் ஒயரைச் சீவி அதுலயே முறுக்கி விட்டிருந்தான். அந்த ஒயர் நேரா பெட்டியிலிருந்து வருது. கூடுதல் விளக்கோ ஹார்னோ வேணும்னா பேட்டரியிலிருந்து தனி ஃபியூஸ், ரிலே போட்டு எடுக்கணும். ஃபியூஸ் போனா அதே ஆம்பியர் ஃபியூஸ்தான் போடணும், செம்புக் கம்பி சுத்தக் கூடாது.

இதோட முடிஞ்சிருந்தா நான் கெட்டிக்காரின்னு உக்காந்திருப்பேன். ஐப்பசி மழையில திரும்பவும் ஆரம்பிச்சுது. இந்தத் தடவை ஹெட்லைட்டே எரியல, வைப்பரும் இல்லை. மழையில, இருட்டுல, 22 மூட்டையோட ரோட்டோரம் நின்னேன். போன தடவை மாதிரி எர்த்தாத்தான் இருக்கும்னு நானே போல்ட்டைத் திருகிப் பார்த்தேன், ஒண்ணும் ஆகல. சரி, பெட்டிதான் போச்சுன்னு நானே முடிவு பண்ணினேன். குழுவுல கேட்கல. விவசாயிங்களுக்குக் கொடுக்க வச்சிருந்த காய்ப் பணத்துல 7,000 எடுத்து, பழைய சாமான் கடையில அதே மாடல் வண்டியோட பெட்டி ஒண்ணை வாங்கி மாட்டினேன். விளக்கு எரிஞ்சுது. சாவியைத் திருப்பினா வண்டி ஸ்டார்ட் ஆகல. அந்தப் பெட்டிக்கு எங்க சாவியும் தெரியாது, எங்க வண்டியும் தெரியாது. கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டேன்னுட்டாரு. பில்லும் கிடையாது.

அடுத்த குழுக் கூட்டத்துல எழுந்து நின்னு சொன்னேன். யாரும் திட்டல. அதான் இன்னும் கஷ்டமா இருந்துச்சு. தீர்மானப் புத்தகத்துல எழுதி, அந்த 7,000-ஐ நாலு மாசத்துல கட்டி முடிச்சேன்.

அந்த எலக்ட்ரீஷியன் அண்ணன் திரும்ப வந்தாரு. எங்க பழைய பெட்டியையே மாட்டச் சொல்லி ஒண்ணொண்ணா பார்த்தாரு. பேட்டரி, எர்த், ஃபியூஸ் எல்லாம் சரி. பல்புக்கு பேட்டரியிலிருந்து நேரா கரண்டு கொடுத்தாரு, எரிஞ்சுது. வைப்பர் மோட்டாரும் அப்படியே ஓடுச்சு. பெட்டிக்கு 12 வோல்ட் வருது, ஸ்விட்ச் போட்டா தகவலும் வருது, ஆனா பெட்டியிலிருந்து ஒண்ணும் வெளியே போகல. ஸ்டியரிங்குக்குக் கீழே 16 முனை உள்ள சாக்கெட் இருக்கும், அதுல ஸ்கேனரைச் சொருகினா மத்த பெட்டியெல்லாம் பேசுது, இது மட்டும் பேசல. கழட்டித் திறந்தா உள்ளே பச்சைக் களிம்பு பூத்திருக்கு. வண்டியைப் புளியமரத்தடியில நிறுத்துறோம்ல, அந்த இலை எல்லாம் முன் கண்ணாடிக்குக் கீழே தண்ணி வடியற ஓட்டையை அடைச்சு, மழைத்தண்ணி உள்ளே இறங்கியிருக்கு. முதல்ல அதைச் சரி பண்ணாம புதுசு மாட்டினா அதுவும் நனைஞ்சு போகும்னாரு.

இப்ப நிஜமாவே மாத்த வேண்டியதாச்சு. குழுவுல தீர்மானம் போட்டு, அவசரக் கடன் எடுத்து, அந்தக் கம்பெனி சர்வீஸ்லயே கொடுத்தோம். வேலை நடக்கும்போது நான் பக்கத்துலயே நின்னேன். பேட்டரி நெகட்டிவைக் கழட்டிட்டுக் கொஞ்ச நேரம் விட்டாங்க. ஏர்பேக் உள்ள வண்டியில இது ரொம்ப முக்கியம், அது தெரியாம டாஷ்போர்டுக்கு அடியில யாரும் கை வைக்காதீங்க. பழைய பெட்டி மேல ஒட்டியிருக்கிற பார்ட் நம்பரும் புதுசும் பொருந்துதான்னு பார்த்தாங்க. அப்புறம் கம்ப்யூட்டரை மாட்டி எங்க சேஸிஸ் நம்பரை அதுல ஏத்தி, சாவியைப் பழக்கினாங்க. இதைத்தான் கோடிங்னு சொல்றாங்க. பெட்டியை மாட்டறது அரை மணி வேலைதான், கோடிங் இல்லைன்னா என் 7,000 ரூபாய் கதைதான். சாவிக்கு ரெண்டு காப்பி இருந்தா ரெண்டையும் கொண்டு போங்க, நான் ஒண்ணை வீட்டுல வச்சுட்டுத் திரும்ப அலைஞ்சேன்.

யாராவது உங்ககிட்ட "மாட்யூல் போச்சு"ன்னா, பேட்டரி எத்தனை வோல்ட், எர்த் எத்தனை, ஸ்கேனர்ல என்ன கோடு வந்துச்சுன்னு கேட்டு ஒரு தாள்ல எழுதி வாங்குங்க. எழுதித் தர மாட்டேன்னா வண்டியை எடுத்துட்டு வந்துருங்க. மதிப்பீட்டுல கோடிங் கூலி சேர்ந்திருக்கான்னு பாருங்க. பழைய பெட்டியைத் திருப்பிக் கேளுங்க. பில்லுல பார்ட் நம்பரும் வாரண்டியும் இருக்கணும். ஏமாத்திட்டாங்கன்னு தோணினா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல, நாம கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள்ள இருந்தா மனுவுக்குக் கட்டணமே கிடையாது. ஆனா பில் வேணும். என் 7,000-க்கு பில் இல்லாததால நான் எங்கேயும் போக முடியல.

களிம்பு பூத்த பெட்டி இதோ மேசை மேல இருக்கு, கைமாத்திப் பாருங்க. குழுப் பணத்துல ஒரு மீட்டரும் வாங்கியிருக்கோம். கூட்டமைப்பு அலுவலகத்துல அலமாரியில இருக்கும். வண்டி வச்சிருக்கிறவங்க பதிவேட்டுல கையெழுத்துப் போட்டுட்டு எடுத்துட்டுப் போகலாம். எப்படிப் பார்க்கிறதுன்னு தெரியலைன்னா, சாப்பாட்டுக்கு அப்புறம் என் வண்டிகிட்ட வாங்க. வெளியே வேப்பமரத்தடியில நிக்குது. புளியமரத்தடியில இப்ப நிறுத்தறதில்லை.