கறுப்புப் பளபளப்பும் காலைத் துடைப்பும்



சிறுகச் சிறுகச் சேமித்து, தவணை கட்டி, வாசலில் கொணர்ந்து நிறுத்திய காரை எவரும் சில நாள் கண்கொட்டாமல் பார்ப்பதுண்டு. அவ்வாறு பார்க்கும் கண்ணுக்கு முதலில் உறுத்தலாகத் தென்படுவது பெரும்பாலும் கதவின் வண்ணம் அன்று. முன் ஜன்னலுக்கும் பின் ஜன்னலுக்கும் இடையே நிற்கும் தூணின் மேல் ஒட்டியிருக்கும் பளபளப்பான கறுப்புத் தகடுதான். வாங்கிய அன்று முகம் பார்க்கும் கண்ணாடி போல் மின்னிய அத்தகடு, ஆறு திங்களுக்குள் நூல் நூலாகக் கோடு விழுந்து மங்கிவிடுகின்றது. இச்சிறு குறையின் காரணத்தையும், அதற்குச் செய்யத்தக்கதையும், செய்யத்தகாததையும் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

ஒரு காலத்தில் காரின் அணிகலன் வெள்ளி போல் ஒளிரும் குரோமிய முலாமே ஆகும். 2014-இல் உற்பத்தி நின்றுபோன அம்பாஸடர் காரின் முகப்பையும் பம்பரையும் நினைவில் வைத்திருப்போர் இதனை நன்கு அறிவர். இன்றோ அந்த இடத்தைக் கறுப்புப் பளபளப்பு பிடித்துக்கொண்டது. ஜன்னல் ஓரம், முகப்புச் சட்டம், பக்கக் கண்ணாடியின் உறை என எங்கும் அதுவே. 'பியானோ பிளாக்' என்று விற்பனையாளர் இதனை அழைப்பர். மெருகேற்றிய பியானோப் பெட்டியின் கறுப்பை ஒத்திருத்தலால் வந்த பெயர் அது. ஆனால் பியானோ கூடத்தில் இருப்பது. காரோ தெருவில் நிற்பது. தொல்லை முழுவதும் இந்த வேற்றுமையில் அடங்கியிருக்கின்றது.

வெள்ளைக் காரிலும் கீறல் விழத்தான் செய்கின்றது. கறுப்பில் மட்டும் அது ஏன் இவ்வளவு துலக்கமாகத் தெரிகின்றது? வழுவழுப்பான கறுப்புப் பரப்பு தன்மேல் விழும் ஒளியை ஒரே திசையில் திருப்பி அனுப்புகின்றது, எஞ்சியதை விழுங்கிவிடுகின்றது. அதில் மயிரிழை போன்ற கீறல் ஒன்று விழுந்தால், அதன் விளிம்பில் பட்ட ஒளி நாற்புறமும் சிதறுகின்றது. இருண்ட பின்னணியில் அச்சிதறல் வெண்கோடாய்க் கண்ணைப் பறிக்கின்றது. வெயிலில் பார்த்தால் சூரியனின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலை போல் வளையங்கள் தோன்றும். உண்மையில் கீறல்கள் வட்டமாக இல்லை. எல்லாத் திசையிலும் தாறுமாறாகக் கிடக்கின்றன. ஒளியை நம் கண்ணுக்குத் திருப்பும் கோணத்தில் அமைந்தவை மட்டும் தெரிவதனால் அவை வட்டமாகத் தோன்றுகின்றன.

கீறுவது யாது? துணி என்று நினைப்போம், அன்று, தூசியே. தில்லியின் கோடையில் 'ஆந்தி' என்னும் புழுதிக் காற்று வீசி ஓய்ந்தபின் காரின் மேல் படிந்திருப்பது வெறும் மண் அன்று. அதில் குவார்ட்ஸ் என்னும் படிகக்கல்லின் துகள் கலந்திருக்கின்றது. கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் அதன் இடம் 7. ஜன்னல் கண்ணாடியின் இடம் ஏறத்தாழ 5.5. கண்ணாடியையே கீறவல்ல துகளுக்குப் பிளாஸ்டிக் எம்மாத்திரம்? உலர்ந்த துணியால் அத்தூசியைத் துடைப்பது, உப்புத்தாளால் தேய்ப்பதற்குச் சற்றே குறைந்த செயலாகும்.

இதனை நாம் ஏட்டில் படித்து அறியவில்லை; பிழை செய்து அறிந்தோம். வடநாட்டு நகரங்களின் குடியிருப்புகளில் விடியற்காலையில் ஒரு வாளித் தண்ணீரும் ஒரு துணியுமாக வந்து, வரிசையாகக் கார்களைத் துடைத்துச் செல்லும் தொழிலாளரை நீங்கள் அறிவீர்கள். நம் வாசலுக்கு வருபவர் ஓர் இளைஞர். புதுக் காரின் தூணில் கோடுகளைக் கண்ட அன்று, அவரை நிறுத்தி வைத்துக் கடிந்துகொண்டோம்; அம்மாதக் கூலியிலும் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டோம். அவர் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. கையிலிருந்த துணியை மட்டும் விரித்துக் காட்டி, "இது நீங்கள் கொடுத்த துணிதான், ஐயா" என்றார். உண்மைதான். நம் வீட்டின் பழைய பருத்திச் சட்டை அது. பொத்தான் ஒன்று இன்னும் அதில் தொங்கிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு கார்களுக்கு ஒரு வாளி நீர். அதற்குமேல் எடுக்கக் காவலாளி விடுவதில்லை. போதாக்குறைக்கு, அலுவலகம் புறப்படுமுன் கைக்குட்டையால் அத்தூணை நாள்தோறும் தட்டித் துடைத்தவர்களும் நாமே. இந்தியில் 'பையா' என்றால் அண்ணன். அதே சொல் நம் நாவில் ஏறியதும் சிறுவனை ஏவும் சொல்லாகிவிடுகின்றது. அன்று நாம் அழைத்தது எந்தப் பொருளில் என்பதை நினைக்க நாணமாக இருந்தது. பிடித்த கூலியை மறுநாளே திருப்பிக் கொடுத்தோம்.

இனிக் கீறலுக்கு வருவோம். மருந்துக்கு முன் நோயை அறிய வேண்டும். முதலில் அந்தப் பாகம் எதனால் ஆயது என்று பாருங்கள். ஓரத்தில் மெல்லிய படலத்தின் விளிம்பு தென்பட்டால் அது ஒட்டிய தாள். அதனைத் தேய்த்துப் பயனில்லை, உரித்து மாற்றலே முறை. மற்றவை வண்ணம் பூசி அதன்மேல் தெளிபூச்சு இட்டவையாகவோ, நிறம் கலந்தே வார்த்த பிளாஸ்டிக்காகவோ இருக்கும். அடுத்து ஆழம் பார்க்க வேண்டும். கழுவித் துடைத்தபின் நகத்தை மெல்லக் குறுக்கே ஓட்டுங்கள். நகம் சிக்கினால் கீறல் ஆழமானது. மெருகு போட்டு அதனை முற்றும் நீக்க இயலாது. சிக்காவிட்டால், தண்ணீர் தடவிப் பாருங்கள். ஈரத்தில் கோடு மறைந்தால் அது மேலோட்டமானது, தேறும்.

மேலோட்டமான கீறலை நீக்குவது என்றால், அதனை நிரப்புவது அன்று. சுற்றியுள்ள பரப்பைச் சிறிதளவு தேய்த்துக் கீறலின் அடிமட்டத்துக்குக் கொணர்வது. கல்லுக்குச் சாணை பிடிப்பது போன்றதே இதுவும். காரை நிழலில் நிறுத்தி, பாகம் குளிர்ந்தபின், சோப்பு நீரால் தூசி ஒழியக் கழுவுங்கள். பக்கத்து ரப்பரிலும் வண்ணத்திலும் படாதவாறு காகித நாடா ஒட்டிக்கொள்ளுங்கள். கடைகளில் உள்ள மெருகுக் குழம்புகளில் மிக நுண்ணியதை மென்மையான பஞ்சில் பட்டாணியளவு எடுத்து, ஒரு சாண் இடத்தில் மட்டும், அழுத்தாமல் தேயுங்கள். துடைத்துவிட்டு டார்ச்சு விளக்கின் ஒளியில் பாருங்கள். போதவில்லையெனில் மீண்டும் ஒருமுறை. பத்தில் எட்டுப் பங்கு மறைந்தால் அத்தோடு நிறுத்திக்கொள்வதே அறிவுடைமை. தெளிபூச்சின் தடிமன் பெரும்பாலும் 40 முதல் 50 மைக்ரான்; தலைமயிரைக் காட்டிலும் மெல்லியது. அதனைத் தேய்த்துத் தீர்த்துவிட்டால் பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதையாகும்.

சுழலும் எந்திரத்தைப் பழக்கமில்லாதவர் இப்பாகத்தில் தொடலாகாது. இங்குப் பயன்படும் பிளாஸ்டிக் வகைகளிற் சில 100 டிகிரி செல்சியஸை ஒட்டியே இளகத் தொடங்குபவை. உராய்வின் சூடு அவற்றை உருக்கிக் குழியாக்கிவிடும். தின்னரும் நகப்பூச்சு நீக்கியும் பிளாஸ்டிக்கைக் கரைத்து வெளிறச் செய்யும். பற்பசையும் தேய்ப்புப் பொருளே. ஆனால் அதன் துகள் இவ்வேலைக்கென அளந்து செய்ததன்று. தேங்காயெண்ணெய் தடவினால் கோடு மறையும்; தண்ணீரில் மறைவது போலவே. மறுநாள் அவ்வெண்ணெய் இருமடங்கு தூசியைக் கூட்டிச் சேர்க்கும். நகம் சிக்கும் ஆழக் கீறலுக்குக் கைதேர்ந்தவரை நாடுங்கள். பல கார்களில் இத்தகடு தனியே கழற்றி மாட்டத்தக்கதாதலால், புதிதாக மாற்றிவிடுவது சில வேளை சிக்கனமாகவும் அமையும். புதுக் கார் வாங்குவோர் முதல் வாரத்திலேயே இவ்விடத்துக்கு மட்டும் நிறமற்ற பாதுகாப்புப் படலம் ஒட்டிக்கொள்ளலாம். கீறல் அப்படலத்தின் மேல் விழும், தகடு பிழைக்கும்.

எல்லாவற்றினும் மேலான மருந்து காலைத் துடைப்பைத் திருத்துவதே. நுண்ணிழைத் துணி இரண்டு வாங்கி, உங்கள் காருக்கென்று துடைப்பவரிடம் கொடுங்கள். ஒரு குவளைத் தூய நீரை நீங்களே எடுத்து வையுங்கள். கறுப்புப் பாகத்தை முதலில் நனைத்துத் தூசியை ஓடவிட்டு, பின்னர் துணியை மேலிருந்து கீழாக, அழுத்தாமல் ஒரே போக்கில் இழுக்கட்டும். கீழே விழுந்த துணியைத் துவைக்காமல் மீண்டும் தொடவேண்டாம் என்று சொல்லுங்கள். உப்பு நீர் உள்ள ஊர்களில் ஈரத்தை அப்படியே காயவிட்டால் வெள்ளைத் திட்டுக்கள் படியும். ஆகவே உடனே ஒற்றி எடுக்க வேண்டும்.

நம் வாசலில் இப்பொழுது இம்முறையே நடைபெறுகின்றது. அந்த இளைஞர் துணிகள் இரண்டையும் தாமே துவைத்துக் கம்பியில் உலர்த்திவிட்டுப் போகின்றார். தூணில் இரண்டு கோடுகள் இன்னும் எஞ்சியிருக்கின்றன. அவற்றைத் தேய்க்க நாம் முற்படவில்லை. காலையில் காரின் கதவைத் திறக்கும்போது அவை கண்ணில் படுகின்றன. பட்டால், அவரை அண்ணன் என்னும் பொருளில் அழைக்க மறவாதிருக்கின்றோம்.