முள்ளந்தண்டுச் சத்திரசிகிச்சையின் பின் நோவும் மருந்தும்

மட்டக்களப்பு வாவி ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமானது. அதற்குக் கிழக்கே கடலோரமாக எழுவான்கரையும், மேற்கே வயல்களாக விரியும் படுவான்கரையும் அமைந்துள்ளன. இவ்விரு கரைகளிலும் வாழும் மக்களின் தொழில் எதுவாயினும் அதன் பாரத்தைத் தாங்குவது முதுகேயாகும். நெல்மூடையைத் தோளில் ஏற்றுபவர், வாவியில் வலை இழுப்பவர், குனிந்து களை பிடுங்கும் பெண்கள், மருதமுனையில் நாள் முழுவதும் தறியின் முன் அமர்ந்திருப்பவர் என அனைவருடைய உழைப்பும் முள்ளந்தண்டின் மேலேயே நிற்கின்றது. அந்த முள்ளந்தண்டு பழுதுற்றுச் சத்திரசிகிச்சை செய்யவேண்டிய நிலை வருமாயின், ஒருவருடைய உடல்நலம் மட்டுமன்றி, ஒரு குடும்பத்தின் அடுத்த போகமும் அதனோடு சேர்ந்து கேள்விக்குறியாகின்றது.

முள்ளெலும்புகள் இரண்டினையோ அதற்கு மேற்பட்டவற்றையோ ஒன்றாகப் பொருந்தச் செய்வதே முள்ளந்தண்டு இணைப்புச் சத்திரசிகிச்சை எனப்படும். 1911ஆம் ஆண்டிலே, நியூயோர்க் நகரில், ஹிப்ஸ், அல்பீ என்னும் இரு சத்திர வைத்தியர்கள் தனித்தனியே இம்முறையை வெளிப்படுத்தினர். காசநோயால் அரிக்கப்பட்ட முள்ளந்தண்டை நிமிர்த்தி நிறுத்துதலே அன்று அவர்களுடைய நோக்கமாயிருந்தது. இன்று, நழுவிய முள்ளெலும்பு, முறிவு, கூன், நரம்பை நெருக்கும் தேய்வு முதலிய பல காரணங்களுக்காக அது செய்யப்படுகின்றது. அக்காலத்து நோயாளர் பல வாரங்கள் படுக்கையிலேயே கிடத்தப்பட்டனர். இக்காலத்திலோ, பெரும்பாலானோர் மறுநாளோ அதற்கடுத்த நாளோ எழுந்து நிற்கச் செய்யப்படுகின்றனர்.

இங்கே ஓர் உண்மையை மனத்திற் கொள்ளல் வேண்டும். சத்திர வைத்தியர் வைக்கும் திருகாணிகளும் உலோகக் கோல்களும் எலும்பை இணைப்பன அல்ல. இணையும் வரை அதனை அசையாது பிடித்துவைப்பன. எலும்பை இணைப்பது உடலே. அவ்வேலை சில நாட்களில் முடிவதன்று. மூன்று மாதம், ஆறு மாதம், சிலருக்கு ஓராண்டும் செல்லும். வைத்தியசாலையில் கழிவது சில நாட்கள். வீட்டிற் கழிவது பல மாதங்கள். ஆகவே, சிகிச்சையின் பெரும்பகுதி நோயாளியின் வீட்டிலேயே, அவருடைய மனைவியோ மகளோ தாயோ கையிற் பிடித்திருக்கும் அந்த மருந்துப் பையிலேயே தங்கியிருக்கின்றது.

படுவான்கரையைச் சேர்ந்த கமக்காரர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். கொழும்பிலே சத்திரசிகிச்சை முடிந்து, முந்நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட வழியைக் கடந்து, 2014ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட மண்முனைப் பாலத்தின் வழியாக அவர் ஊர் திரும்புகின்றார். உறவினர் கூடுகின்றனர். "நோ எப்படி?" என்று எல்லோரும் வினவுகின்றனர். "பரவாயில்லை" என்று அவர் எல்லோருக்கும் விடை கூறுகின்றார். உள்ளபடி நோ பொறுக்க முடியாததாயிருக்கின்றது. ஆயினும், ஆண்பிள்ளை முனகலாகாது என்பது ஒரு காரணம். குளிசைகளை அதிகம் விழுங்கினால் பழக்கமாகிவிடும் என்னும் அச்சம் மற்றொரு காரணம். பகலெல்லாம் குளிசையைத் தொடாமற் பொறுத்திருந்து, இரவு நோ உச்சத்தை அடைந்தபின், இரண்டு வேளைக் குளிசைகளை ஒன்றாக விழுங்குகின்றார். அடுத்த நாள் தலைசுற்றலும் சத்தியும் வருகின்றன. "இந்த மருந்து எனக்கு ஒத்துக்கொள்ளாது" என்று முடிவு செய்து அதனை அறவே நிறுத்திவிடுகின்றார். நோவுக்கு அஞ்சிப் படுக்கையிலேயே கிடக்கின்றார்.

இது பலருக்கும் நேரும் பிழை. நோவைப் பொறுத்துக்கொள்ளல் ஒரு நற்குணமே. ஆனால், சத்திரசிகிச்சைக்குப் பிந்திய முதல் வாரங்களில் அது நோயாளிக்குத் தீங்கு செய்யக் கூடும். நோ மிகுந்தவர் ஆழமாக மூச்சு விடமாட்டார். அதனால் நுரையீரலிற் சளி தேங்கும். அவர் நடக்கமாட்டார், அதனால் காலின் குருதிக்குழாய்களிற் குருதி உறையும். அவர் நித்திரை கொள்ளார். அதனால் மனமும் உடலும் தளரும். நோவை முற்றாக ஒழித்தல் மருந்தின் நோக்கமன்று. நோயாளி எழவும், நடக்கவும், ஆழ்ந்து மூச்சு விடவும், உறங்கவும் கூடிய அளவுக்கு நோவைத் தணித்தலே அதன் நோக்கம். ஆதலால், வீட்டார் கேட்கவேண்டிய கேள்வியும் வேறு. "நோ எப்படி?" என்பதிலும், "நேற்று எவ்வளவு தூரம் நடந்தீங்கள்? இன்றைக்கு எவ்வளவு தூரம்?" என்பதே பயன் தரும் கேள்வி. முற்றத்து வேலி வரை நடந்தவர் மறுவாரம் ஒழுங்கை முனை வரை நடப்பாராயின், மருந்து தன் வேலையைச் செய்கின்றது என்று கொள்ளலாம்.

நோ என்று ஒரு சொல்லால் அழைக்கப்படினும், இச்சிகிச்சைக்குப் பின் வருவது ஒரே வகை நோவன்று. வெட்டிய இடத்தின் நோ ஒன்று. முதுகின் தசைகள் இறுகிப் பிடிக்கும் நோ இரண்டாவது. நெருக்குண்டிருந்த நரம்பு மீளும்போது காலிலே எரிவாகவும் மின்வெட்டாகவும் விறைப்பாகவும் தோன்றும் நோ மூன்றாவது. ஒட்டுவதற்கென இடுப்பெலும்பிலிருந்து எலும்பு எடுக்கப்பட்டிருப்பின், அவ்விடத்து நோ சிலருக்கு முதுகு நோவிலும் நீடிப்பதுண்டு. வெவ்வேறு நோவுக்கு வெவ்வேறு மருந்து உண்டு என்பதனாலேயே பையிற் பலவகைக் குளிசைகள் இருக்கின்றன. "எங்கே நோகின்றது, எவ்வாறு நோகின்றது" என்பதை வைத்தியருக்கு விளங்கச் சொல்பவர், தமக்கேற்ற மருந்தைப் பெறுவார்.

இம்மருந்துகளுள் அடித்தளமாய் அமைவது பரசிற்றமோல். மிகவும் எளிதென எண்ணப்படும் இக்குளிசையே, நேரம் தவறாது எடுக்கப்படும்போது, வலிய மருந்துகளின் தேவையைக் குறைக்கின்றது. நோ வந்தபின் தேடி எடுப்பதன்று. வைத்தியர் குறித்த மணிக்கு எடுப்பதே முறை. ஆனால், அதற்கும் எல்லை உண்டு. உடல்நலமுள்ள வளர்ந்த ஒருவர் 500 மில்லிகிராம் குளிசைகளை ஒரு நாளில் எட்டுக்கு மேல் எடுத்தலாகாது. மெலிந்தவருக்கும் ஈரல் நோயுள்ளவருக்கும் அளவு இன்னும் குறைவு. மிஞ்சினால் ஈரல் கெடும்.

இங்கே ஒரு பொறி உண்டு. வைத்தியசாலை தந்த உறையில் பரசிற்றமோல் என்று எழுதியிருக்கும். கடையில் வாங்கியது பனடோல் என்னும் பெயருடையதாயிருக்கும். தடிமனுக்கென்று வாங்கிய மற்றொரு குளிசையிலும் அதுவே கலந்திருக்கும். மூன்று பெயர், மருந்து ஒன்றே. இலங்கையில் மருந்தியற் பேராசிரியராய் விளங்கிய சேனக பிபிலே, மருந்துகளை வணிகப் பெயரால் அன்றி அவற்றின் உரிய பெயரால் வழங்குதல் வேண்டும் என்று வாதிட்டவர். 1971ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதற் தலைவரும் அவரே. நாட்டின் செலவைக் குறைப்பதற்காக அவர் வற்புறுத்திய அவ்வழக்கம், ஒரு வீட்டில் ஒருவருடைய ஈரலையும் காக்க வல்லது. உறையின் மேலுள்ள பெரிய எழுத்தை மட்டும் பாராது, அதன் கீழுள்ள சிறிய எழுத்தையும் பிள்ளைகளைக் கொண்டு வாசித்தறிதல் நலம்.

அடுத்து, வலிய மருந்துகள். அபினியிலிருந்து மோர்பீனைப் பிரித்தெடுத்தவர், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த செர்த்துர்னர் என்னும் ஜேர்மனிய மருந்தாளர். கிரேக்கரின் கனவுத் தெய்வத்தின் பெயரை அவர் அதற்கு இட்டார். அவ்வினத்தைச் சேர்ந்த கோடீன், திரமடோல் முதலியனவும் இன்று வழங்குகின்றன. முதல் நாட்களின் கடும் நோவுக்கு இவை அரிய துணை. குறித்த அளவில், குறுகிய காலத்துக்கு, வைத்தியரின் கண்காணிப்பில் எடுப்பவருள் மிகப் பெரும்பாலோர் அவற்றுக்கு அடிமையாவதில்லை. எனினும், அந்த அச்சம் முற்றும் பொய்யுமன்று. நோ தணிந்த பின்னும் நித்திரைக்காகவோ மனச்சுமைக்காகவோ அவற்றை நாடத் தொடங்குவதே ஆபத்தின் வாயில். அந்நிலை தோன்றுமாயின், வெட்கப்படாது வைத்தியரிடம் கூறுதல் வேண்டும்.

இவ்வகை மருந்துகளைப் பற்றி வீட்டார் நான்கு செய்திகளை அறிந்திருத்தல் அவசியம். முதலாவது, மதுவும் இவையும் ஒன்றுசேரலாகாது. சாராயமோ கள்ளோ கசிப்போ எதுவாயினும், சேர்ந்தால் மூச்சு தளர்ந்து நிற்கவும் கூடும். நித்திரைக் குளிசைகளும் அவ்வாறே. இரண்டாவது, மலச்சிக்கல் பெரும்பாலும் தப்பாது வரும். முக்குவது முதுகை வருத்தும். ஆதலால் முதல் நாளிலிருந்தே தண்ணீரும், கீரையும், பப்பாசிப் பழமும், வைத்தியர் தரும் மலமிளக்கியும் வேண்டும். மூன்றாவது, வாரக்கணக்கில் எடுத்ததை ஒரே நாளில் நிறுத்தினால் வியர்வையும் நடுக்கமும் வயிற்றோட்டமும் வரும். ஏறிய படியாலேயே இறங்குவது போல, வலியதை முதலிலும் எளியதை இறுதியிலுமாக, வைத்தியர் சொல்லும் ஒழுங்கிற் குறைத்து வருதல் வேண்டும். நரம்பு நோவுக்குத் தரப்படும் கபபென்ரின், பிரகபாலின் ஆகியனவும் திடீரென நிறுத்தத் தக்கன அல்ல. நான்காவது, மிஞ்சிய குளிசையை அயல்வீட்டாரின் இடுப்பு வலிக்குக் கொடுத்தல் உதவியன்று, அபாயம். அதனை மருந்தகத்திற் காட்டித் திருப்பி ஒப்படைத்தலே தகும்.

எரிவையும் வீக்கத்தையும் தணிக்கும் ஐபுபுரோபன், டைக்ளோபினாக் போன்ற குளிசைகள் அநேகமாக எல்லா வீடுகளிலும் கிடப்பன. இவற்றை மிகுதியாகவும் நீண்ட நாளும் எடுத்தால் எலும்பு இணைவது தடைப்படலாம் என்னும் ஐயம் இருப்பதால், சத்திர வைத்தியர் பலர் சில காலம் விலக்குவர். சிலர் சில நாட்களுக்கு மட்டும் தாமே தருவர். வயிற்றுப்புண்ணும் சிறுநீரக நோயும் உள்ளவர்க்கு இவை மேலும் தீங்கானவை. ஆகவே, கேளாமல் எடுத்தலாகாது. எலும்பு இணைவதற்கு உறுதியான பகைவன் ஒன்று உண்டு. அதுவே புகையிலை. சிகரெட்டாயினும் சுருட்டாயினும், அதிலுள்ள நிக்கொற்றின் எலும்புக்குச் செல்லும் குருதியைக் குறைக்கின்றது. வெற்றிலையோடு மெல்லும் புகையிலையிலும் அதே நிக்கொற்றின் இருப்பதால், அதுவும் விலக்கத் தக்கதே. எலும்பு இணையாவிடில், நோ மீளவும் வரும். சிலவேளை சத்திரசிகிச்சையும் மீளவும் வரும்.

குளிசை இல்லாமலே நோவைக் குறைக்கும் வழிகளும் பல. வளைதல், பாரந் தூக்குதல், உடலை முறுக்குதல் ஆகிய மூன்றையும் வைத்தியர் அனுமதிக்கும்வரை விலக்குதல் வேண்டும். கிணற்றில் வாளியால் நீர் அள்ளுதல் இம்மூன்றையும் ஒருங்கே செய்யும் வேலை. அதனை வேறொருவர் செய்யட்டும். பாயில் தரையிற் படுத்தெழுதல் கடினம்; உயரமான கட்டில் வேண்டும். எழும்போது, மரக்குற்றி உருள்வதைப் போல உடல் முழுவதும் ஒருசேரப் பக்கவாட்டிற் புரண்டு, கால்களைக் கீழே விட்டு, கையூன்றி எழுதல் முறை. குந்தியிருக்கும் மலசலகூடத்திற்குப் பதிலாகக் கதிரையுள்ள ஒழுங்கு செய்யப்படல் நலம். குண்டுங்குழியுமான பாதையில் முச்சக்கரவண்டிப் பயணம் முதல் வாரங்களில் ஆகாது. நடப்பதற்கும் குளிப்பதற்கும் அரைமணி முதல் ஒருமணி நேரத்திற்கு முன்னரே அந்நேரத்துக் குளிசை உள்ளே சென்றிருத்தல் சிறந்தது. பரம்பரையாய் வந்த எண்ணெயும் ஒத்தடமும் மதிப்புக்குரியனவே. ஆயினும், ஆறாத காயத்தின்மேல் எண்ணெய் பூசலும், இணைந்துகொண்டிருக்கும் எலும்பின்மேல் உருவிப் பிடித்தலும் தகா.

சில அறிகுறிகள் தோன்றுமாயின், விடியும் வரை காத்திராது வைத்தியசாலையை நாடவேண்டும். காய்ச்சல், காயத்திற் சீழ், கால்களிற் புதிதாகத் தோன்றும் தளர்ச்சி, சிறுநீரோ மலமோ அடங்காமை அல்லது சிறுநீர் கழிக்க இயலாமை, இருதொடைகளின் இடையே உணர்வின்மை, ஒரு கெண்டைக்காலில் வீக்கம், நெஞ்சு நோ, மூச்சுத் திணறல், தட்டி எழுப்பியும் எழாத மயக்க நித்திரை ஆகியனவே அவை. வாவிக்கு அப்பால் வாழ்பவர், இரவிற் படகுத்துறை திறந்திருக்குமா, பாலத்திற்கு எவ்வழியாகச் செல்வது என்பவற்றை வீட்டிற்கு வந்த அன்றே தீர்மானித்து வைத்தல் அறிவுடைமை. 1990 என்னும் எண்ணுக்கு அழைத்தால் சுவசெரிய நோயாளர் வண்டி கட்டணமின்றி வரும்.

வைத்தியசாலையை விட்டுப் புறப்படுமுன், ஒவ்வொரு குளிசைக்கும் ஐந்து கேள்விகளைத் தாதியிடம் கேட்டு எழுதிக்கொள்ளலாம். இதன் பெயர் என்ன? எதற்காக? எத்தனை மணிக்கு? எத்தனை? எப்போது குறைத்து எப்போது நிறுத்துவது? அந்தத் தாள் சுவரில் ஒட்டப்பட்டு, எடுத்த வேளைகள் அதிற் குறிக்கப்படுமாயின், மறதியால் இருமுறை எடுத்தலும் அச்சத்தால் எடாது விடுதலும் நீங்கும்.

மேலே கூறிய கமக்காரரின் வீட்டுச் சுவரிலும் அத்தகைய தாள் ஒன்று தொங்குமாயின் அவருடைய கதை வேறாகும். மூன்றாம் வாரத்தில் வலிய குளிசை பாதியாகக் குறையும், பின்னர் நின்றுவிடும். அதிகம் நடந்த நாளின் மறுநாள் நோ சற்று மிகும். அதனைக் கண்டு அவர் கலங்கமாட்டார். மூடை தூக்க இன்னும் மாதங்கள் உள்ளன என்பதையும், அதற்கு வைத்தியரின் சொல் வேண்டும் என்பதையும் அவர் அறிவார். மாலைவேளையில் ஊன்றுகோலுடன் வாவிக்கரை வரை நடந்து சென்று, சற்று நின்று, தாமாகவே வீடு திரும்புவார். அன்றைய தாளில் அவருடைய மனைவி எழுதும் குறிப்பு குளிசையின் கணக்கு மட்டுமன்று; அவர் நடந்த தூரமும் ஆகும்.