வாய்க்குள் ஒரு விளக்கு



சுங்கை பினாங்கில் உறவினர் வீட்டில் தங்கி, ஜார்ஜ் டவுன் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் தோட்டத்துத் தாய்மார்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பீர்கள். மஞ்சள் காமாலை கண்ட பச்சிளங்குழந்தையைக் கண்ணைக் கட்டி, நீல விளக்கின் கீழ் கிடத்தியிருப்பார்கள். ஒளியும் மருந்துதான். நோயாளிகளின் வாயிலுள்ள வைரஸ் கிருமிகளை ஒளியால் குறைக்க முடியுமா என்று மருத்துவர்கள் இப்போது ஆராய்ந்து வருகிறார்கள். அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம்.

வாயை ஏன் கவனிக்க வேண்டும்? எச்சிலில் பலவகை வைரஸ்கள் தங்குகின்றன. இருமினால் அவை பக்கத்துக் கட்டிலுக்கும் போகும். நினைவிழந்து கிடப்பவருக்கோ எச்சிலோடு நுரையீரலுக்கே இறங்கிவிடும். 1879-இல் பினாங்கில் பிறந்த டாக்டர் வூ லியன் தே, 1910-11-இல் மஞ்சூரியாவில் பிளேக் மூச்சுவழியே பரவுவதைக் கண்டு முகமூடி அணியச் செய்தார். முகமூடி கிருமியை வாசலில் மறிக்கிறது. ஒளிச் சிகிச்சை அதை வீட்டுக்குள்ளேயே தேடிப் போகிறது.

"அப்படியானால் டார்ச்லைட் அடித்தால் போதுமா?" என்று எங்கள் பள்ளிப் பிள்ளைகள் கேட்பார்கள். போதாது, பிள்ளைகளே! ஒரு சாயமும் வேண்டும். 1900-இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஆஸ்கர் ராப் என்ற மாணவர், அக்ரிடின் சாயம் கலந்த நீரில் வாழ்ந்த நுண்ணுயிர்கள் வெளிச்சம் பட்டதும் மடிவதையும், இருட்டில் பிழைப்பதையும் கண்டதாக எழுதி வெளியிட்டார். இன்று வாய்க்குப் பெரும்பாலும் மெத்திலீன் நீலத்தைப் பயன்படுத்துகிறார்கள். ஒரு காலத்தில் மலேரியாவுக்கும் கொடுத்துப் பார்த்த சாயம் அது. (தோட்டத்து மருந்தகத்தில் வாய்ப்புண்ணுக்குத் தடவிய ஊதா மருந்து வேறு.) சாயம் பூசிய இடத்தில் சிவப்பு ஒளி பட்டதும், சாயம் அந்த ஒளியை உறிஞ்சி, அருகிலுள்ள பிராணவாயுவை வீறுகொள்ளச் செய்கிறது. அந்த வாயு வைரஸின் மேலுறையையும் மரபணுப் பொருளையும் சிதைத்து, கணத்தில் அடங்கிவிடுகிறது. ஐரோப்பாவில் 1990-களிலிருந்து, நோயாளிகளுக்கு ஏற்றும் இரத்தத் தெளிநீரில் வைரஸை அழிக்க இதே முறை கையாளப்பட்டது.

ஆனால் வாய் என்பது கண்ணாடிப் புட்டியல்ல. எச்சில் சாயத்தைக் கழுவிக்கொண்டே இருக்கும். ஒளி எட்டாத தொண்டைக்குள் இருக்கும் வைரஸ் மறுபடியும் பெருகி வரும். ஆகவே இது பல் துலக்குவதற்கு மாற்று ஆகாது. வழக்கமான மருந்துக்கும் மாற்று ஆகாது.

இன்னொன்று. பிள்ளை பிறந்ததும் தொப்புள்கொடி இரத்தத்தைச் சோதித்து, "ஜி-6-பி-டி குறைவு, பாச்சை உருண்டை ஆகாது" என்று சில வீடுகளுக்குச் சொல்லியிருப்பார்கள். அந்தக் குறை உள்ளவர் உடலுக்குள் மெத்திலீன் நீலம் சென்றால் இரத்தச் சிவப்பணுக்கள் உடையக்கூடும். ஆஸ்பத்திரியில் நீலச் சாயம் என்று காதில் விழுந்தால், அந்தச் சீட்டை எடுத்துக் காட்டுங்கள். சீட்டு தொலைந்திருந்தால் வாயாலேயே சொல்லிவிடுங்கள்.