அணைத்து வைத்த தெரிவுகள்

இந்தத் தலைமை நாற்காலிக்கு என்னைவிடத் தகுதியானவர்கள் முன்வரிசையிலேயே அமர்ந்திருக்கிறார்கள். அந்த அச்சத்தோடுதான் ஒலிபெருக்கி முன் நிற்கிறேன். கெர்னல் கட்டுமானங்களுக்கான தானியங்கிச் சோதனை என்பது அழைப்பிதழில் கண்ட பொருள். கெர்னல்சிஐ 2014இல் ஆர்ம் பலகைகளோடு தொடங்கி 2019இல் லினக்ஸ் ஃபவுண்டேஷனின் திட்டமானது, இன்டெலின் ஜீரோ-டே, கூகுளின் சிஸ்பாட் என்பதெல்லாம் உங்களுக்குப் பழைய கதை. பிற்பகல் அமர்வுகள் அதை என்னைவிட நன்றாகச் சொல்லும். என் நேரத்தை ஒரே கேள்விக்குச் செலவிட அனுமதி கேட்கிறேன்: சோதனைக்குப் போகும் கெர்னலின் தெரிவுகளைப் பட்டியலிடும் டாட் கான்ஃபிக் கோப்பை இப்படித்தான் எழுத வேண்டும் என்பதற்கு நம்மிடம் என்ன காரணம் இருக்கிறது?

இந்தக் கேள்வி ஏன் எழுகிறது என்பதை நாமக்கல்லுக்குப் பக்கத்துப் புதுச்சத்திரத்தில் விளக்குவது எளிது. நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைக்கு வருவது வெறும் சேஸிஸ். அதன்மேல் டேங்கரும் கட்டலாம், சரக்குப் பாடியும் கட்டலாம். சரக்கு லாரி எஃப்.சி. என்ற தகுதிச் சான்று வாங்கிவிட்டது என்பதற்காக டேங்கர் ஒழுகாது என்று யாரும் சொல்வதில்லை. கெர்னலில் மட்டும் அப்படிச் சொல்லிவிடுகிறோம். மூல நிரல் ஒன்று, தெரிவுகளோ பதினாயிரத்துக்கு மேல். டெஃப்கான்ஃபிக் ஒன்றைக் கட்டிப் பூட் செய்துவிட்டு ‘கெர்னல் தேறியது’ என்கிறோம். இது தொலைதூரத்துச் சிக்கலும் அல்ல. ரிஸ்க்-ஃபைவ் லினக்ஸுக்குள் நுழைந்தது 2018 ஜனவரியில் வந்த 4.15 பதிப்பில், அதே ஆண்டில்தான் சென்னை ஐஐடியின் சக்தி குழு, லினக்ஸ் ஓடும் ரைஸ்கிரீக் சில்லை வெளியிட்டது. புதிய கட்டமைப்புக்கு முன்னோர் விட்டுப்போன கான்ஃபிக் கிடையாது. எதை ஏற்றுவது, எதை அணைப்பது என்று ஒருவர் உட்கார்ந்து முடிவு செய்தாக வேண்டும்.

அந்த முடிவு எவ்வளவு எளிதில் கைநழுவும் என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். கான்ஃபிக் துண்டுக் கோப்பில், பூட்டுகளைக் கண்காணிக்கும் ‘ப்ரூவ் லாக்கிங்’ வேண்டும் என்று எழுதுகிறோம். அது சார்ந்திருக்கும் ‘டீபக் கெர்னல்’ அணைந்திருந்தால், ஓல்ட்டெஃப்கான்ஃபிக் நம் வரியைச் சத்தமில்லாமல் நீக்கிவிடும். கட்டுமானம் முடியும், பூட் ஆகும், பூட்டுப் பிழை ஒன்றும் வராது. வராததற்குக் காரணம், பார்க்க வேண்டிய காவலாளியே உள்ளே இல்லை என்பது. கெர்னலோடு வரும் சோதனைத் தொகுப்பான கேசெல்ஃப்டெஸ்டிலும் இதே கதைதான். வேண்டிய தெரிவு இல்லையென்றால் சோதனை 4 என்ற குறியீட்டைத் தந்து, ‘தவிர்த்தேன்’ என்று ஒதுங்கிக்கொள்ளும். நேர்மையான பதில்தான்; ஆனால் அறிக்கைப் பலகையில் அது சிவப்பாகத் தெரியாததால் யார் கண்ணும் அதில் நிற்பதில்லை. கேயூனிட்டின் கருவி, கேட்ட தெரிவு இறுதிக் கோப்பில் இல்லையென்றால் கட்டவே மறுத்துவிடுகிறது. அந்தப் பிடிவாதம் எல்லாக் கருவிக்கும் வேண்டும்.

இனி நான் வந்த காரியத்துக்கு வருகிறேன். 2002 அக்டோபரில் 2.5.43 பதிப்பில் ஆர்சியு என்ற ஒத்திசைவு முறை லினக்ஸுக்குள் வந்தது. பால் மெக்கென்னியோடு சேர்ந்து அதைக் கொண்டுவந்தவர் ஐபிஎம் இந்தியாவின் தீபாங்கர் சர்மா. அவரை நம் ஆய்வேடுகள் போதிய அளவு நினைவுகூர்வதில்லை என்ற வருத்தத்தையும் இங்கேயே பதிவு செய்துவிடுகிறேன். மெக்கென்னி பின்னர் எழுதிய ஆர்சியு-டார்ச்சர் சோதனைத் தொகுப்பை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறோம். அதன் அடைவுக்குள் கிடக்கும் ட்ரீ-ஆர்சியு கேகான்ஃபிக் என்ற சிறு உரைக் கோப்பை யாரும் தொடுவதில்லை. எந்தத் தெரிவைச் சோதனை வகைகளில் பாதிக்கு ஏற்ற வேண்டும், எதற்கு ஒன்றே போதும் என்று அது வரிவரியாகச் சொல்கிறது. அதைவிட முக்கியம், புறக்கணித்த தெரிவுகளுக்கு அதில் ஒரு தனிப்பட்டியல் இருக்கிறது. 64 பிட் தெரிவை ஏன் விட்டோம்? அது ஒரு மதிப்பைச் சரிபார்க்க மட்டுமே பயன்படுகிறது, நிரலைக் கண்ணால் படித்தாலே போதும். இன்னொன்றை ஏன் விட்டோம்? வேறொரு தெரிவு அதைத் தானே ஏற்றிவிடுகிறது. சோதிக்காததற்குக் காரணம் எழுதி வைத்த கோப்பு நம் துறையில் அபூர்வம். பல நூறு பக்க அறிக்கைகளைவிட இந்தச் சில பக்கங்களையே நான் மதிக்கிறேன்.

எண்ணிக்கையே ஆதாரம் என்று வாதிடும் நண்பர்கள் இங்கே புன்னகைப்பது தெரிகிறது. தெரிவுகளைச் சீரற்று நிரப்பும் ராண்ட்கான்ஃபிக்கை இரவெல்லாம் ஓடவிட்டால் மனிதன் நினைக்காத சேர்க்கையெல்லாம் வந்துவிடும் என்பது அவர்கள் கட்சி. கட்டுமானம் முறிவதைப் பிடிக்க அது அருமையான கருவி, மறுக்கவில்லை. ஆனால் ஆம்-இல்லை தெரிவு ஒவ்வொன்றையும் அது பாதிக்குப் பாதி என்று சுண்டுகிறது. பத்துத் தெரிவுகளை அடுத்தடுத்துச் சார்ந்து நிற்கும் ஒரு மூலையை, வேறேதும் தள்ளிவிடாத வரை, அது எட்டும் வாய்ப்பு 1,024இல் ஒன்று. எட்டினாலும் பெரும்பாலும் கட்டியதோடு சரி, பூட் செய்து பார்ப்பதில்லை. அப்படியானால் சிஸ்பாட் ஆயிரக்கணக்கில் பிழை பிடித்தது எப்படி என்று கேட்பார்கள். நல்ல கேள்வி, ஆனால் அது என் பக்கச் சாட்சி. அங்கே சீரற்று வருவது உள்ளீடு மட்டுமே. கான்ஃபிக்கில் கேகோவ், கேஏசான், லாக்டெப் போன்ற கண்காணிப்புத் தெரிவுகளெல்லாம் ஏறியிருக்க வேண்டும் என்று மனிதர்கள் தேர்ந்து, துண்டுதுண்டாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

எழுதி வைத்த காரணம் காலாவதியாகும் என்ற இன்னொரு ஆட்சேபம் வலுவானது. ஆகத்தான் செய்யும்; தெரிவுகள் பெயர் மாறும், நீங்கும். ஆனால் காரணத்தோடு காலாவதியான வரியை அடுத்து வருபவர் படித்துத் திருத்த முடியும். காரணமில்லாத வரியை அவர் தொடப் பயந்து அப்படியே நகலெடுப்பார். நமக்குத் தெரிந்த எடுத்துக்காட்டைப் பாருங்கள்: சென்னை சி-டாக்கின் பாஸ் லினக்ஸ் டெபியனை அடிப்படையாகக் கொண்டது. தமிழக அரசின் இலவச மடிக்கணினிகளிலும் அது ஏறி ஊர்ஊராகப் போனது. அப்படித் தாயிடமிருந்து சேய்க்குக் கான்ஃபிக் இறங்கும் எந்த விநியோகத்திலும், தாய் ஒரு தெரிவை ஏன் அணைத்தது என்பது கூடவே இறங்குவதில்லை.

டாட் கான்ஃபிக்கைத் திறந்தால் ‘இஸ் நாட் செட்’ என்று முடியும் வரிகள் ஹேஷ் குறியோடு வரிசையாக நிற்கும். முதல் அமர்வில் கட்டுரை படிப்போர் தங்கள் தேர்ச்சி விழுக்காட்டைக் காட்டுமுன் அந்த வரிகளில் பத்தைத் திரையில் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் காரணம் சொல்ல வேண்டுகிறேன். அதற்கு ஆகும் நேரத்தை உங்கள் கணக்கில் கழிக்க மாட்டேன். நானே கொஞ்சம் கூடுதலாக எடுத்துக்கொண்டேன். அமர்வு தொடங்கட்டும்.